தாவீது பாஸ் கேட்டு வந்த கப்பல்

நேற்று மருமகள் பெரிய கோப்பையில் வெள்ளரியும் தக்காளியும் வெட்டிப் போட்டு, அதன்மேல் ஒலிவ எண்ணெயைத் தாராளமாக ஊற்றினாள். எனக்கு உடனே திருகோணமலைக் கடைத்தெருவின் மருந்துக்கடை மணத்தது. அந்நாளில் ஒலிவ எண்ணெய் அங்கேதான், விரலளவு போத்தலில் கிடைக்கும். காது நோவுக்கு இரண்டு துளி விடுவோம். மாதம் பத்துப் போத்தல் வாங்கியவர் ஒருவர்தான். அவருக்குத் தீராத காதுவருத்தம் என்று ஊர் இரக்கப்பட்டது. அதைத் தக்காளியில் ஊற்றிச் சாப்பிடுகிறார் என்று அறிந்தபோது இரக்கம் இன்னும் கூடிற்று.

ஸ்தாவ்ரோஸ் என்று பெயர். எங்கள் ஆட்களுக்கு நாக்கு வளையவில்லை. கைவேலைக்காரரை அழைக்கும் வழக்கப்படி 'தாவீது பாஸ்' ஆக்கிவிட்டார்கள். கிரேக்கக் கப்பலொன்றில் இயந்திர அறையில் வேலை செய்தவர். நடுக்கடலில் வயிற்றுக்குத்து வந்து, இங்கே ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டுக் கப்பல் போய்விட்டது. அங்கே வேலை செய்த பிலோமினாக்கா சோறு ஊட்டினாராம். மனிதர் பிறகு போகவேயில்லை. நான் அறிந்த காலத்தில் இரண்டு பெண்பிள்ளைகளின் தகப்பன். கரையோரம் லோஞ்சுப் படகுகளின் எஞ்சின் திருத்தும் கொட்டில் வைத்திருந்தார். மனைவியிடம் பழகிய தமிழ் ஆகையால் தெருநாய்க்கும் மரியாதை கொடுப்பார்: "தள்ளி நில்லுங்கோ."

நான் அப்போது ஒரு கப்பல் முகவர் கந்தோரில் மேசைவேலை பார்க்கும் புதுக் கிளாக்கர். கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு, கப்பலையே நான்தான் ஓட்டுகிற மாதிரி நடப்பேன். திங்கட்கிழமைதோறும் தாவீது பாஸ் யன்னலில் கையூன்றி நிற்பார்.

"தம்பி, எங்கட ஆக்களின்ர கப்பல் ஏதும் வருதோ?"

"இல்லை பாஸ்."

"ஓம், ஓம்." போய்விடுவார்.

ஒருநாள் பிலோமினாக்கா வந்தார். உள்ளே ஏறாமல் வாசலிலேயே நின்றார். "கிரேக்க ஆக்கள் ஒரு கப்பல்ல வருகினமாம். கப்பலுக்குச் சாமான் ஏத்துற வத்தைக்காரர் கதைக்கினம். மெய்யோ தம்பி?"

மெய்தான். தேயிலை ஏற்ற வந்துகொண்டிருந்தது. வேறு நாட்டுக் கொடி. ஆட்கள் மட்டும் கிரேக்கர்.

"அவருக்குச் சொல்லாதேங்கோ. கப்பல்ல வந்த மனுசன் கப்பல்லயே போயிட்டால், இந்த ரெண்டு பெட்டையளையும் வச்சுக்கொண்டு நான் என்ன செய்ய?"

அந்தத் திங்களும் அவர் வந்தார். "இல்லை பாஸ்" என்றேன். கப்பல் இரண்டு நாள் நின்று போயிற்று.

பிறகு யாரோ வத்தைக்காரன் சொல்லியிருக்கிறான். பாஸ் வந்தார். சத்தம் போடவில்லை. எஞ்சின் கிறீஸ் பட்ட கையைத் துடைத்தபடி நின்றார்.

"சொல்லவேண்டாமெண்டு பிலோமினா சொன்னவவோ?"

நான் மேசையைப் பார்த்தேன்.

"நான் போகமாட்டன் தம்பி. என்ர பாசை மறந்து போகுது. ஒரு மணித்தியாலம் கதைச்சிருப்பன். அவ்வளவுதான்."

அதைவிட அவர் என்னை ஏசியிருக்கலாம்.

கிரேக்கர் வரும் அடுத்த கப்பலுக்கு இரண்டு வருடம் சென்றது. இம்முறை நானே ஓடிப்போய்ச் சொன்னேன். பிலோமினாக்காவையும் கூட்டிக்கொண்டு கந்தோர் லோஞ்சில் போனோம். பாஸ் உடம்பில் வெள்ளைச் சேட்டு, காலில் மினுக்கிய சப்பாத்து. மேல்தட்டில் இளம் மாலுமிகள் சூழ்ந்துகொண்டார்கள். அவர் பேசத் தொடங்கினார், தடக்கினார், இடையில் "ஓம், ஓம்" என்றார். அவர்கள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பல்ல. ஆனாலும் அரைமணித்தியாலத்தில் இறங்கிவிட்டார்.

திரும்பும்போது பிலோமினாக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னப்பா சொன்னவங்கள்?" என்று கேட்டார்.

"மூச்சு விடாமக் கெதியாக் கதைக்கிறாங்கள். எனக்கு விளங்கேல்லை."

அதன்பின் அவர் யன்னலடிக்கு வரவில்லை.

பிலோமினாக்கா காலமானபின் பிள்ளைகள் அவரை அவுஸ்திரேலியாவின் மெல்பேணுக்கு அழைத்துக்கொண்டார்கள். அங்கே கிரேக்கர் ஏராளம், மனிதருக்கு இனிக் குறையில்லை என்று நான் பெரிய அறிவாளிபோலச் சொல்லித் திரிந்தேன். எண்பதுகளின் தொடக்கத்தில் மூத்தவள் எழுதியிருந்தாள்: "அப்பா இங்க ஒருத்தரோடயும் சேருறார் இல்லை. தமிழில கதைக்க ஆள் தேடுறார். நீங்கள் ரெண்டு வரி எழுதினால் வாசிச்சுக் காட்டுவன்."

எழுதத்தான் இருந்தேன். என்ன எழுதுவதென்று யோசித்தே இரண்டு மாதத்தைப் போக்கினேன். பிறகு எண்பத்துமூன்றுக் கலவரம் வந்தது. எங்கள் வீடு எரிந்தது; கடிதமும் விலாசமும் அதோடு போயின.

கொட்டில் இருந்த இடத்தில் இப்போது மதில். கந்தோர் இல்லை, வத்தைகள் இல்லை. போனமாதம் அந்த வழியால் போகையில், கடைவாசலில் இருந்த ஒரு வயதாளியிடம் "தாவீது பாஸைத் தெரியுமோ?" என்று கேட்டேன்.

"ஆர், வீடு கட்டுற மேசன் பாஸோ?" என்றார்.

ஓம் என்று சொல்லிவிட்டு நடந்தேன்.