நாலாம் மாடியிலிருந்து இறங்கிய பசு

தாராபுரத்து அங்கப்பன் பதினேழு வருடம் ராணுவத்தில் இருந்தவர் என்றால் கேட்கிறவர்கள் கண்ணில் துப்பாக்கிதான் தெரியும். அங்கப்பனும் அதை மறுத்துப் பேசுவதில்லை. உண்மையில் அத்தனை வருடமும் அவர் கையில் இருந்தது கயிறு. சாலை போகாத பனிமலை முகாம்களுக்கு அரிசியும் மண்ணெண்ணெயும் சுமந்து போகும் கோவேறு கழுதைகளை நடத்திச் செல்வதுதான் அவர் வேலை.

ஓய்வு பெற்று வந்து, வேலை கேட்டு ஏறிய முதல் கம்பெனியில் இதை ஒளிக்காமல் சொன்னார். "ஏனுங்க, கழுதையா மேய்ச்சீங்க? அதுக்குப் பட்டாளத்துக்குப் போகோணுமாங்க?" என்று கேட்ட மேனேஜர், பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தார். மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை. நம் ஊரில் அவமானத்தைக்கூட 'ங்க' போட்டுத்தான் பரிமாறுவார்கள்.

அதோடு அங்கப்பன் வாயை மூடிக்கொண்டார். அடுத்துப் போன இடங்களில் 'டிரான்ஸ்போர்ட் பிரிவு' என்றார். லாரி ஓட்டத் தெரியுமா என்றார்கள். தெரியாது. கடைசியில் கிடைத்தது ஆர்.எஸ்.புரத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் நீலச் சட்டையும் விசிலும். தான் கற்றதெல்லாம் மலையோடு போயிற்று, கீழே அதற்கு ஒரு பைசா மதிப்பில்லை என்று மனைவி கயல்விழியிடம்கூடச் சொல்லாமல் உள்ளுக்குள் குமைந்தார்.

சேர்ந்த பத்தாம் நாள், நாலாம் மாடியில் கிரகப்பிரவேசம். பசுவும் கன்றும் முதலில் நுழைந்தால்தான் வீடு வீடாகும். வீடு நாலாம் மாடியில் இருந்தால் பசு பாவம் என்ன செய்யும், ஏறித்தான் ஆக வேண்டும். லிஃப்டில் கன்றுக்கே இடம் போதாது. விடிந்ததும் மாட்டுக்காரர் சுப்பண்ணன் பசுவைப் படியில் ஏற்றினார். படி ஏறுகிற மாடு இறங்க மறுக்கும் என்று அங்கப்பனுக்குத் தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை. உனக்கெப்படித் தெரியும் என்று யாராவது கேட்டால்? வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா இருந்துவிட்டார்.

ஒன்பது மணிக்கு நாலாம் மாடியில் ஒரே கூச்சல். கன்றைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். பசு மேல்படியில் நின்றது நின்றதுதான். நாலு பேர் முன்னால் இழுத்தார்கள், இரண்டு பேர் பின்னால் தள்ளினார்கள், கண்ணைக் கட்டிப் பார்த்தார்கள். வழவழப்பான படியில் கால் வழுக்கி, பசுவின் முழங்காலில் ரத்தம். குடியிருப்பின் செக்ரட்டரி தமிழ்ச்செல்வன் கிரேனுக்குப் போன் போடலாமா என்றார். மூன்றாம் மாடியில் குடியிருக்கும் கால்நடை டாக்டர் ரிஃபானா, "மயக்க ஊசி போட்டா உருண்டுருமுங்க. கால் முறிஞ்சா அப்புறம் காப்பாத்த முடியாது" என்றார். சுப்பண்ணன் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

கூச்சல் கேட்டு மேலே ஓடி வந்து நின்ற அங்கப்பனை அந்த அழுகை சுட்டது. காலையிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்த ரத்தம் இல்லை.

"எல்லாரும் ஊட்டுக்குள்ள போயிருங்க. பழைய சாக்கு, மிதியடி இருந்தா நனைச்சுப் படியில விரிச்சுப்போட்டுப் போங்க" என்றார்.

"வாட்ச்மேன், உங்களுக்கு என்னங்க தெரியும்?" என்றார் செக்ரட்டரி.

ஆளாளுக்குச் சாக்கை நனைத்து விரித்துவிட்டு உள்ளே போனதும், அங்கப்பன் பசுவிடம் போனார். கண்கட்டை அவிழ்த்தார். படிக்கட்டு விளக்குகளை எல்லாம் போட்டார். பசுவின் பக்கவாட்டில் நின்று, அதன் மூச்சு இறங்கும் வரை கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு கயிற்றைத் தளரத் தோளில் போட்டு, பசுவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இறங்கத் தொடங்கினார்.

திரும்பிப் பார்க்கக் கூடாது. மலையில் முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம் அது. நடத்துகிறவன் திரும்பினால் விலங்குக்குச் சந்தேகம் வந்துவிடும், இவனுக்கே பயமா என்று நின்றுவிடும். திரும்பாமல் போனால், அது வழுக்கும்போது முதலில் நசுங்குவது இவன்தான். ஒரு படி. இரண்டு படி. பின்னால் சத்தமே இல்லை. மூன்றாம் படியில் 'தொப்' என்று ஒரு குளம்பு ஈரச் சாக்கில் விழுந்தது. அப்புறம் இன்னொன்று.

அங்கப்பனுக்கு மெய் சிலிர்த்தது. பனிப்புயலில் நூறு தடவை நடந்ததுதான். அன்றும் இன்றும் அந்த வியப்பு அவருக்குப் பழகவே இல்லை. கால் மணி நேரத்துக்கு முன் அறிமுகமான இத்தனை பெரிய உயிர், ஒரு மனிதனின் முதுகை மட்டும் நம்பி வருகிறதே. வெதுவெதுப்பான மூச்சு அவர் பிடரியில் பட்டுக்கொண்டே வந்தது. கதவிடுக்குகளில் நின்றவர்கள் இருமக்கூட இல்லை. எண்பது படியும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

கீழே வந்ததும் பசு கன்றை நக்கியது. ரிஃபானா முழங்காலுக்கு மருந்து போட்டுக்கொண்டே கேட்டார்: "அண்ணா, இதை எங்கீங்க கத்துக்கிட்டீங்க?"

"பட்டாளத்துலீங்க. கோவேறு கழுதை நடத்துனவனுங்க நான். பதினேழு வருசம்." சொல்லிவிட்டுச் சிரிப்புக்காகக் காத்திருந்தார். யாரும் சிரிக்கவில்லை.

"எங்க ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வந்துர்றீங்களாண்ணா?"

"வாசல் காவலுக்குங்களா, டாக்டர்?"

"காவலுக்கு ஆளிருக்குதுங்க. பயந்து நிக்கிற மாட்டுக்கிட்டயும் குதிரைக்கிட்டயும் போறதுக்குத்தான் எங்ககிட்ட ஆளே இல்லீங்க."

அங்கப்பன் சரி என்று தலையாட்டினார். செக்ரட்டரியும் குடியிருப்பு மொத்தமும் கூடி நின்று பார்க்க, பசுவின் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்து அழுதார்.