மண்டையோடு தைக்காத கொடி

சவரியம்மா கடலைப் பார்த்தது வாழ்நாளில் ஒரே ஒரு தடவை. தலவிலக் கடற்கரைக் கோயில் திருவிழாவுக்குத் தேயிலைத் தோட்டத்து ஆட்களோடு லொறியில் போனபோது பார்த்தாள். கரையில் மீன் வள்ளங்கள்தான் நின்றன. "இவ்வளவு தண்ணிய வச்சுக்கிட்டு ஒரு நல்ல கப்பல் கூட இல்லியே இவங்ககிட்ட" என்று புருஷன் அந்தோனிமுத்துவிடம் முகத்தைச் சுளித்தாள். அவள் அப்படிப் பேசலாம். எத்தனையோ பாய்மரக் கப்பல்களுக்குப் பாய் தைத்த கை அவளுடையது. எல்லாம் முழங்கை நீளக் கப்பல்கள் என்பதை மட்டும் அவள் கணக்கில் எடுப்பதில்லை.

மாத்தளையிலிருந்து தம்புள்ளை போகும் ரோட்டோரம் ஜமால்தீன் முதலாளியின் பட்டறை இருந்தது. சீகிரியா பார்க்கப் போகிற வெள்ளைக்காரர்கள் இறங்கி வாங்குவார்கள், கொழும்பு ஆட்கள் வரவேற்பறையில் வைக்கக் கேட்பார்கள், ஹோட்டல்காரர்களும் வருவார்கள். முதலாளியிடம் அட்டை கிழிந்த ஒரு படப் புத்தகம் உண்டு. போர்த்துக்கேயன் வந்த கப்பல், ஒல்லாந்தன் வந்த கப்பல், இங்கிலீஷ்காரன் வந்த கப்பல் எல்லாம் அதில் இருந்தன. "நம்மளப் புடிக்க வந்தவன்ட கப்பலையே செஞ்சு அவன்ட பேரனுக்கு விக்கிறோம், பாத்தியா" என்று முதலாளி வயிறு குலுங்கச் சிரிப்பார்.

பலாப் பலகையில் கப்பலின் உடலைச் செதுக்குவது அவர். சவரியம்மாவின் வேலை பாயும் கொடியும். கொழுந்து பறித்துப் பழகிய விரல்கள் என்பதால் சின்னத் தையல் அவளுக்குச் சுளுவாக வந்தது. வெள்ளைத் துணியைத் தேயிலைத் தூள் போட்டு அவித்துக் காயவிட்டால் முந்நூறு வருஷம் கடலில் அடிபட்ட பாய் மாதிரி நிறம் வரும். தோட்டத்தை விட்டு வந்தும் தேயிலை தன்னை விடவில்லை என்று அலுத்துக்கொள்வாள்.

மூன்றாவது ஆள் சுமதிபால. வில்கமுவப் பக்கத்துச் சிங்கள விவசாயக் குடும்பம். பட்டறையிலேயே படுத்துக்கொண்டு, நூலைத் தேன்மெழுகில் உருவி, பாய்மரத்துக்குக் கயிறும் கயிற்றேணியும் கட்டுவான். சவரியம்மாவை அக்கா என்பான். பகல் சாப்பாடு பெரும்பாலும் அவள் கொண்டுவருவதுதான். "உங்க வீட்டு நெல்லெல்லாம் யாருதான் திங்கிறாங்க, இங்க வந்து என் ரொட்டியத் திங்கிற" என்று திட்டிக்கொண்டே அவனுக்குப் பெரியதாக எடுத்து வைப்பாள்.

பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. கொடி ஏற்றுவதுதான் கடைசி வேலை. தைப்பது யாராக இருந்தாலும் ஏற்றுவது கயிறு கட்டியவன்தான். கொடி ஏறிவிட்டால் கப்பல் முடிந்தது என்று அர்த்தம். அன்றைக்கு முதலாளி பிளேன்டீ கொடுக்காமல் பால் தேத்தண்ணி வாங்கித் தருவார்.

எண்பத்தொன்பதாம் வருஷம் வந்தது. சிங்களப் பையன்கள் அரசாங்கத்துக்கு எதிராக எழும்பியிருந்த காலம். கடையைப் பூட்டு, கறுப்புக் கொடி ஏற்று என்று சுவரில் போஸ்டர் ஒட்டியிருக்கும். ஏற்றாதவனைத் தேடிப் பையன்கள் வருவார்கள். ஏற்றியவனைத் தேடி ஆமிக்காரன் வருவான். ஊர் இரண்டு பக்கமும் அடி வாங்கியது.

அந்த நேரம் பார்த்துத் தம்புள்ளை ஹோட்டல் ஒன்றிலிருந்து கடற்கொள்ளைக்காரன் கப்பல் ஒன்று கேட்டார்கள். படப் புத்தகத்தில் இருந்தபடி, கறுப்புக் கொடியும் அதில் வெள்ளை மண்டையோடும் எலும்பும். சவரியம்மா கொடியை வெட்டினாள், ஓரம் அடித்தாள். மண்டையோடு மட்டும் தைக்க மாட்டேன் என்று நின்றுவிட்டாள். சின்ன மகள் அஞ்சலா காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். சவரியம்மா புனித அந்தோனியாருக்கு ஒன்பது நாள் ஜெபமாக நவநாள் பிடித்திருந்தாள். பிள்ளைக்காக வேண்டிக்கொண்டிருக்கிற கையால் செத்தவன் தலையில் ஊசி குத்தலாமா?

"அக்கா, வெறும் கறுப்பு வேணாம்" என்றான் சுமதிபால. "இப்ப காலம் சரியில்ல. எலும்பு போட்டாத்தான் இது கப்பல் கொடின்னு தெரியும்."

"இந்த உள்ளங்கைத் துணிய யாருடா ரோட்டுல இருந்து பாக்கப் போறான்? நவநாள் முடியட்டும், தச்சுத் தாறேன். இப்ப நீ ஏத்து."

அவன் தலையைச் சொறிந்தான். பிறகு ஏற்றினான். அக்கா சொன்னால் செய்துவிடுகிற பிள்ளை. வார்னிஷ் காயட்டும் என்று கப்பலை முன் வாசல் மேசையில், காற்றுப் படுகிற இடத்தில் வைத்தான். அதுவும் அவள் சொன்னதுதான்.

அன்று வெள்ளிக்கிழமை. முதலாளி ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்தார். அவர் வந்தபின் சேர்ந்து சாப்பிடலாம் என்று சாப்பாட்டுப் பாத்திரம் மூடியபடி இருந்தது. ரோட்டில் போன ஆமி ஜீப் ஒன்று கொஞ்சத் தூரம் போய், நின்று, பின்னால் வந்தது.

இறங்கியவன் மேசைக்கு முன்னால் நின்றான். கப்பலைப் பார்க்கவில்லை, கொடியை மட்டும் பார்த்தான். "யாரு இத ஏத்தினது?"

எண்பத்து மூன்று கலவரத்தில், ஆமிக்காரர்கள் பார்த்துக்கொண்டு நிற்க, சவரியம்மாவின் அண்ணன் இராயப்பனின் தையல் கடையை எரித்தார்கள். அதைக் கண்ணால் பார்த்தவள் அவள். அதற்குப் பிறகு யூனிபோர்மைக் கண்டாலே அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அன்றைக்கு ஒட்டிக்கொண்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒட்டவில்லை.

"கொடி ஏத்துறது அவரு வேலைங்க மாத்தயா" என்றாள், நல்ல சிங்களத்தில்.

பொய்யில்லை. பட்டறை வழக்கம் அதுதான். ஆனால் உண்மையை அந்த இடத்தில் வெட்டி நிறுத்தியது அவள்தான், துணியை வெட்டின அதே நிதானத்தோடு.

சுமதிபாலவின் கழுத்தைப் பிடித்தார்கள். "யாரு உனக்குக் கறுப்புத் துணி குடுத்தது? யாரு தச்சது?" துப்பாக்கிக் கட்டையால் ஒரு அடி விழுந்தது. அவன் சவரியம்மாவை ஒரு தடவை பார்த்தான். அவளுடைய விரல் இடுக்கில் ஊசி இருந்தது. அவன் கண்ணைத் திருப்பிக்கொண்டான். "நான்தான். எல்லாம் நானே செஞ்சது" என்றான். இன்னொரு அடி விழுந்தபோதும் அதையே சொன்னான். ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவனை யாரும் பார்க்கவில்லை.

இதோடு நின்றிருந்தால் பயத்தில் செய்த குற்றம் என்று கடவுளாவது மன்னித்திருப்பார். சவரியம்மா அடுத்ததாக ஒன்று செய்தாள். முதலாளி வருவதற்குள் கொடியை இறக்கி, அதில் வெள்ளை நூலால் மண்டையோட்டைத் தைத்தாள். நவநாளும் மறந்துபோனது, அந்தோனியாரும் மறந்துபோனார். இதைக் கொண்டுபோய்க் காட்டினால் விடுவார்கள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். முதலாளி கப்பலைத் தூக்கிக்கொண்டு ஆமிக் காம்புக்கு ஓடினார். அப்படி ஒருவனை நாங்கள் பிடிக்கவே இல்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள்.

"குருட்டுப் பயலுகள், இவ்வளவு பெரிய எலும்பு கண்ணுக்குத் தெரியல்லியா?" என்று முதலாளி அழுதார். சவரியம்மா பக்கத்தில் நின்று, தெரியல்லியே முதலாளி, தெரியல்லியே என்று கூட அழுதாள். அந்தக் கண்ணீர் உண்மையானது. அந்த வார்த்தைதான் பொய். அவனைக் காப்பாற்றவென்று தைத்ததைத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பயன்படுத்திவிட்டாள் என்பது அவளுக்கு அப்போதே புரிந்தது.

அஞ்சலா குணமாகி வீட்டுக்கு வந்தாள். சவரியம்மாவால் அதற்கு நிம்மதியாக நன்றி சொல்லக்கூட முடியவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் "பொய் சொன்னேன் சாமி" என்று மொத்தமாகச் சொல்லுவாள். எந்தப் பொய் என்று சாமியார் கேட்கவில்லை. கேட்டுவிடுவாரோ என்று பயந்து எழும்புவாள். கேட்கவில்லையே என்று ஏங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவாள்.

சுமதிபாலவின் தாய் ரன் மெனிக்கே வருஷா வருஷம் வில்கமுவவிலிருந்து பஸ் மாறி மாறி வருவாள். சிவப்பரிசியும் குரக்கன் மாவும் ஒரு பையில் கட்டி வருவாள். மகன் உட்கார்ந்து கயிறு கட்டிய மர வாங்கில் உட்கார்ந்து, சவரியம்மாவின் கையைப் பிடித்துக்கொள்வாள். மகனைக் கடைசியாகப் பார்த்த கண் அல்லவா.

"மகளே, அன்னைக்கு அவன் சாப்பிட்டானா?"

"சாப்பிட்டாரு அம்மே. வயிறு நிறையச் சாப்பிட்டாரு."

அந்த அரிசியைச் சவரியம்மா ஒரு நாளும் உலையில் போட்டதில்லை. பக்கத்து வீட்டு வேலம்மாவுக்குக் கொடுத்துவிடுவாள். வேலம்மா பாவம், சவரியம்மாவுக்கு என்ன தாராள மனசு என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள்.

ஐந்தாறு வருஷம் இப்படியே போனது. ஆட்சி மாறி, காணாமல் போனவர்களைப் பற்றி வாய்விட்டுப் பேசலாம் என்று ஆன பிறகு ஒரு தடவை ரன் மெனிக்கே அரிசி கொண்டுவராமல் வந்தாள். மகன் இனி வரமாட்டான் என்று மனசைத் தேற்றிக்கொண்டாளாம். பன்சலைப் பிக்குமாரை அழைத்துச் சாப்பாடு போட்டு அவன் பேரில் தானம் கொடுக்கப் போகிறாளாம். ஆனால் ஊரில் ஒரு சனமும் வராது என்றாள்.

"ஏன் அம்மே?"

"அவனைப் புடிச்ச அதே கிழமைக்குள்ள எங்க ஊர்ல இன்னும் ரெண்டு பிள்ளைகளை வீடு புகுந்து தூக்கினாங்க. என் மகன் அடி தாங்காம பேரைச் சொல்லிட்டான்னு ஊரே சொல்லுது. அந்தத் தாய்மார் என் முகத்தைப் பாக்கிறதில்ல. கிணத்தடிக்குப் போனா எழும்பிப் போயிடுறாங்க. ஒரு பானை கூட இரவல் தரமாட்டாங்க." அவள் சவரியம்மாவின் கையை இறுக்கினாள். "நீ வெளி ஆள். அவன் கூட இருந்தவ. அவன் எப்படிப்பட்டவன்னு நீ வந்து ஒரு வார்த்தை சொன்னா நம்புவாங்க, மகளே."

மறுக்க ஒரு வழியும் இருக்கவில்லை. சவரியம்மா போனாள். பஸ்ஸில் ஆடிக்கொண்டு போகும்போதே பேச்சை மனசுக்குள் தைத்து வைத்துக்கொண்டாள். நல்ல பிள்ளை, வாய் அதிர்ந்து பேசாதவன், யாரையும் காட்டிக்கொடுக்கிற சாதி இல்லை. இவ்வளவு போதும். அதற்கு மேல் ஒரு தையலும் வேண்டாம்.

தானத்துக்கு முதல் நாள் பின்னேரம் ரன் மெனிக்கே அவளை வயல் வரப்பு வழியாக ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போனாள். தூக்கிக்கொண்டு போன பிள்ளைகளில் ஒருவனின் வீடு. அவனுடைய தாய் முற்றத்தில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தாள். இருக்கச் சொல்லவில்லை. வேலியோரம் வேறு சில பெண்களும் வந்து நின்றார்கள்.

சவரியம்மா பஸ்ஸில் தைத்த பேச்சை ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். "உங்க மகன் பேர சுமதிபால சொல்லியிருக்க மாட்டாரு அம்மே" என்று முடித்தாள்.

அந்தத் தாய் கையிலிருந்த நெல்லை உதறினாள். "நீ அவனோட காம்புக்குப் போனியா?"

"இல்ல."

"அவனை அடிக்கும்போது பக்கத்தில நின்னியா?"

சவரியம்மா காய்கிற நெல்லைப் பார்த்தாள்.

"அப்ப உனக்கு எப்படித் தெரியும்? சாப்பாடு போட்டவ நல்லவன்னுதான் சொல்லுவா. என் பிள்ளை பேரை யாரு சொன்னது அப்ப?"

ரன் மெனிக்கே பின்னால் தலை குனிந்து நின்றாள். இன்னும் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தால் அவள் திரும்பி நடந்துவிடுவாள். மகனுக்காக யாரும் வராத தானத்தைக் கொடுத்துவிட்டு, இதே ஊரில், இதே கிணற்றடியில் சாகும்வரை இருப்பாள். தான் தைத்து வைத்த பேச்சின் மேல் சவரியம்மாவுக்கே அருவருப்பு வந்தது.

"முதல் அடி விழும்போது பக்கத்தில நின்னேன்" என்றாள். "கறுப்புத் துணிய யாரு தச்சதுன்னுதான் கேட்டு அடிச்சாங்க. தச்சது நான். எலும்பு போடச் சொல்லி அவரு சொன்னாரு, நான் போடல்ல. என்னைக் கேட்டப்ப நான் அவரக் காட்டிக் குடுத்தேன். அவரக் கேட்டப்ப அவரு என்னைக் காட்டிக் குடுக்கல்ல." மூச்சு வாங்கிக்கொண்டாள். "காம்பிலயும் அதைத்தானே முதல்ல கேட்டிருப்பாங்க? அவரு ஒரு பேரச் சொல்றதா இருந்தா அது என் பேரு. பட்டறை அதே ரோட்டுலதான் இருந்துச்சு. நான் அங்கயேதான் வேலை செஞ்சேன். என்னைத் தேடி ஒருத்தரும் வரல்ல அம்மே. ஒரு நாள் கூட வரல்ல."

நெல் காயவைத்த தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

ரன் மெனிக்கே நிமிர்ந்து நின்றாள். அந்த அம்மாவுக்கு இவ்வளவு உயரம் இருக்கிறது என்பதைச் சவரியம்மா அன்றுதான் கண்டாள்.

"கேட்டீங்களா?" என்று அவள் வேலியோரம் நின்றவர்களைப் பார்த்துச் சொன்னாள். "என் மகன் யாரையும் சொல்லல்ல. இவளைக் கூடச் சொல்லல்ல."

சொல்லிவிட்டு வரப்பில் இறங்கி வீட்டுப் பக்கம் நடந்தாள். இத்தனை வருஷமும் மகளே என்று கூப்பிட்ட வாய், கூட வா என்று கூப்பிடவில்லை. மாத்தளைப் பக்கம் போகிற பஸ் இனி மறுநாள் காலையில்தான். அந்த ஊரில் போவதற்குச் சவரியம்மாவுக்கு வேறு வீடு கிடையாது. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, அவளும் அதே வரப்பில் பின்னால் நடந்தாள்.