வெள்ளை விளக்கு எரிந்ததும்

"ரிவர்ஸ் போடுங்க."

"போட்டாச்சு."

"சாவியைத் திருப்பினீங்களா?"

"திருப்பாம எப்படி எரியும்? அதெல்லாம் திருப்பியாச்சு."

"எரியலையே."

ஸ்டியரிங்குக்கு முன்னால் என் கணவர். காருக்குப் பின்னால், ஒரு கையில் கழற்றிய பின்விளக்கும் மறு கையில் வயரில் மின்சாரம் வருகிறதா என்று காட்டும் டெஸ்ட் லாம்ப்புமாக நான். கொல்கத்தா சால்ட் லேக்கில் எங்கள் குடியிருப்பின் முற்றத்தில், ஞாயிற்றுக்கிழமை காலையில், அக்கம்பக்கத்து ஜன்னல்கள் எல்லாம் எங்களைத்தான் பார்க்கின்றன என்று எனக்கு ஒரு கூச்சம். நான் கழற்றியிருந்தது வலது பக்க விளக்கு. எங்கள் காரில் ரிவர்ஸ் விளக்கு இடது பக்கம் மட்டும்தான் இருக்கிறது. மூன்று வருடமாக இதை ஓட்டுகிறேன், கவனித்ததே இல்லை. பின்னால் நின்று பார்த்தவர்களுக்குத்தானே அது தெரியும்.

காருக்குப் பின்னால் இருப்பதைக் காட்டும் கேமராவுக்கு ரிவர்ஸ் விளக்கின் வயரிலிருந்துதான் மின்சாரம் எடுக்க வேண்டும். அதைக் கடையில் கொடுத்தே பொருத்தியிருக்கலாம். கரியாஹாட்டில் ஒரு கடையில் விசாரித்தும் வந்தேன். ஆனால் எந்த வயரை எதனோடு முறுக்கினார்கள், டேப் சரியாகச் சுற்றினார்களா என்று தெரியாமல் அந்தக் காரை எடுக்க என்னால் முடியாது. நானே செய்தாலும் சந்தேகம் வரும். ஆனால் எங்கே சந்தேகப்பட வேண்டும் என்றாவது தெரியும்.

இத்தனை பயத்துக்குக் காரணம் ஒரு காலை நேரம். எங்கள் குடியிருப்பில் யார் காரைப் பின்னால் எடுத்தாலும் நாங்கள் தாதா, அதாவது அண்ணா, என்று கூப்பிடும் காவலாளி ஓடி வந்து "ஆஷுன், ஆஷுன்" என்று கையை ஆட்டுவார். வங்க மொழியில் வாங்க, வாங்க என்று அர்த்தம். அதைப் பார்த்து, மூன்றரை வயது மகளும் எல்லா வண்டிக்கும், வா வா என்று, "ஆஷோ, ஆஷோ" சொல்லக் கற்றுக்கொண்டாள். அன்று அவளைப் பள்ளிக்குக் கூட்டிப் போக வேண்டும். அவள் வாசலில் அப்பாவோடு நிற்கிறாள் என்று நினைத்து நான் ரிவர்ஸ் போட்டேன். காருக்கு நேர் பின்னாலிருந்து அந்தக் குரல் கேட்டது. "ஆஷோ மா, ஆஷோ." பிரேக்கிலிருந்து காலை இன்னும் எடுத்திருக்கவில்லை. மூன்று கண்ணாடியிலும் பார்த்தேன். ஒன்றிலும் அவள் இல்லை.

ஒன்றும் ஆகவில்லை. இறங்கிப் போய் அவளைத் தூக்கிக்கொண்டபோது அவளுக்குக் கோபம்தான் வந்தது. "நான் சொல்லிட்டிருக்கேன்ல" என்றாள்.

அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த ஆசை எனக்குத் தெரியும்.

என் சின்ன வயதில் காளிகாட்டில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்குப் பக்கவாட்டில் ஒரு குறுகிய பாதை. அப்பா செகண்ட் ஹேண்டில் வாங்கிய சின்னச் சிவப்புக் கார் அதில் மூக்கை உள்ளே வைத்து நிற்கும். தினமும் காலையில் அதைப் பின்னால் எடுத்துத்தான் சந்துக்குக் கொண்டுவர வேண்டும். ரிக்‌ஷா, மீன்கூடைக்காரர், கோயிலுக்குப் போகிறவர்கள் என்று சந்தில் எப்போதும் ஆள் இருக்கும். வெள்ளை விளக்கு எரிந்ததும் என் வேலை ஆரம்பம். நான் சந்தை இரண்டு பக்கமும் பார்ப்பேன். "வாங்கப்பா, வாங்கப்பா" என்று கத்துவேன். போதும் என்றால் டிக்கியில் இரண்டு தட்டு. கார் நிற்கும். அப்பாவின் முகம்கூட எனக்குத் தெரியாது, என் உயரத்துக்கு அந்த விளக்கும் நம்பர் பிளேட்டும்தான் தெரியும். இப்போதும் யாராவது ரிவர்ஸ் எடுத்தால் பெட்ரோல் வாசனையும், வெறுங்காலுக்கு அடியில் சிவப்பு சிமெண்ட்டின் குளிர்ச்சியும் எனக்கு வந்துவிடும். பள்ளியில் பரிசு வாங்கியபோதுகூட அவ்வளவு பெருமை இருந்ததில்லை. அவ்வளவு பெரிய காரை நான் நிறுத்தினேன்.

அந்த ஞாயிறு, இடது பக்கத்து விளக்கைக் கழற்றியதும் டெஸ்ட் லாம்ப் எரிந்தது. கேமராவின் சிவப்பு வயரை அந்த விளக்கின் வயரோடு சேர்த்தேன், கறுப்பைக் கார் பாடியின் இரும்பில் ஒரு திருகில் இறுக்கினேன். டேப் சுற்றிய பிறகு பிரித்துப் பார்த்து மறுபடி சுற்றினேன். ஸ்டியரிங் பக்கத்துத் திரைக்குப் போகும் கேபிளைக் கதவோரத்து பிளாஸ்டிக்குக்குள் திணித்து முன்னால் கொண்டுபோக மதியம் ஆகிவிட்டது. ரிவர்ஸ் போட்டதும் திரையில் முற்றம் வந்தது. மகளின் சிவப்பு வாளியைப் பின்னால் வைத்துப் பார்த்தேன். தெரிந்தது, ஆனால் உண்மையில் இருப்பதைவிடத் தள்ளி இருப்பதுபோல. பம்பரை ஒட்டி வைத்தபோது வாளியின் விளிம்பு மட்டும் தெரிந்தது. பக்கவாட்டில் நகர்த்தியதும் காணாமல் போனது.

"வாளி பத்திரமா இருக்கு, போதுமா?" என்றார் கணவர்.

"வாளி ஓடாது" என்றேன்.

அப்பா ரிடையர் ஆனதும் அவரும் அம்மாவும் கோயம்புத்தூருக்கே திரும்பிவிட்டார்கள். வீடியோ கால் போட்டு திரையைக் காட்டினேன்.

"நம்ம கார்ல ஏது கேமரா? நீதான கேமரா" என்றார் அப்பா.

"இவ எங்கீங்க கேமரா?" பின்னாலிருந்து அம்மாவின் குரல். "மாடிப்படித் திருப்பத்துல நான்ல நின்னுட்டு இருப்பேன். உங்கப்பா என் கையத்தான் பார்ப்பாரு."

அந்த வீட்டை நினைத்துப் பார்த்தேன். பாதையின் முடிவில், காரின் மூக்குக்கு முன்னால், வெளிப்படிக்கட்டு இருந்தது. படித்திருப்பத்தில் நின்றால் காரின் கூரைக்கு மேலாகச் சந்து முழுக்கத் தெரியும். முன்கண்ணாடி வழியாக அப்பாவுக்கு அம்மாவும் தெரிவாள்.

"அப்ப நான் தட்டினது?"

"அதெங்க கேக்குது? ரேடியோ பாடிட்டு இருக்கும்" என்று சிரித்தார் அப்பா.

"ஏம்மா, கார் வர்ற வழியில என்னை நிக்க வெச்சீங்களா?"

"வழில நிக்க உடுவனா கண்ணு? பக்கத்து ஊட்டுப் படி மேலதான் நிப்பே. படிய உட்டு எறங்குனா இன்னைக்குக் கார் போகாதுன்னு உங்கிட்டச் சொல்லி வெச்சிருந்தோம். உனக்கு வேலையில்லைனா நீ எந்தப் பக்கம் ஓடுவியோ, யாருக்குத் தெரியும்? வேலைன்னு சொன்னா நின்ன எடத்துல நிப்பே. நீ அங்க நிக்கறதப் பாத்துட்டுத்தான் நான் கையவே ஆட்டுவேன்."

சிவப்பு சிமெண்ட். சந்து வெறும் தார்தான். காலுக்கடியில் குளிர்ந்தது அந்தப் படி. இத்தனை வருடம் அது நினைவில் இருந்தும் எனக்குத் தோன்றவில்லை.

போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. எத்தனை காலைகள், நான் நிறுத்தாத ஒரு காரை நிறுத்தியிருக்கிறேன். அப்புறம், சமையலுக்கு நடுவே, ஒருவேளை கையில் கரண்டியோடு, தினமும் அந்த மாடிப்படியில் நின்ற அம்மாவை நினைத்தேன். ஒருநாள்கூட நான் நிமிர்ந்து பார்த்ததில்லை. அவளும் என்னைக் கூப்பிட்டதில்லை.

மறுநாள் காலை எங்கள் வாசலின் இரண்டாவது படியில் சாக்பீஸால் இரண்டு பாதம் வரைந்தேன். ஸ்டியரிங்கில் உட்கார்ந்தால் இடது ஜன்னல் வழியாகத் தெரியும் படி அது. "இதுல நின்னு சொன்னாத்தான் கார் வரும். இறங்கினா வராது" என்றேன் மகளிடம். நான் ரிவர்ஸ் எடுத்து வந்து நிறுத்திய பிறகுதான் அவள் ஏறுவது என்று முடிவு செய்தோம். பக்கத்தில் அவள் அப்பா நின்றார், அவள் கையைப் பிடிக்காமல், ஆனால் பிடிக்கும் தூரத்தில்.

ரிவர்ஸ் போட்டேன். திரையில் வெறும் தரை. கண்ணாடிகளில் வெறும் தரை. இடது பக்கம் திரும்பினேன். சாக்பீஸ் பாதங்களின் மேல் ஷூ பிசகாமல் நின்றுகொண்டு, காவலாளி தாதாவைப் போலவே கையை ஆட்டினாள்.

"ஆஷோ மா, ஆஷோ."

அவளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வந்தேன். பாதி தூரம்கூட வரவில்லை.

"தாமோ" என்றாள். நில்.

திரையில் தூரம் காட்டும் பச்சைக் கோட்டுக்குப் பின்னால் இன்னொரு கார் நிற்கும் அளவுக்கு இடம் இருந்தது. நான் நின்றேன். அவள் தன் அப்பாவை நிமிர்ந்து பார்த்த பார்வை எனக்கு ஜன்னல் வழியாகத் தெரிந்தது. மறுபடி "ஆஷோ" வரும்வரை பிரேக்கில் கால் வைத்துக் காத்திருந்தேன்.