மிளகு வாங்க இரத்தோட்டைக்கு

காலை 5.40, கொழும்பு புறக்கோட்டை. காதல் கதை எழுதுகிறவள் எல்லோரையும் எளிதில் நம்புகிறவளாக இருப்பாள் என்று வாசகர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். நான் பஸ்ஸில் ஏறினால் முதலில் பின்சீட்டைத் திரும்பிப் பார்ப்பேன். கைப்பையின் வாரை இரண்டு சுற்றுக் கையில் சுற்றிக்கொள்வேன். இருபத்தாறு நாவல்கள் எழுதியிருக்கிறேன். ஒன்றிலும் என் புகைப்படம் கிடையாது, இருப்பது புனைபெயர் மட்டும்தான். வாசகர்களுக்குக் கைப்பேசி எண் கொடுப்பதில்லை. பத்திரிகை முகவரிக்குக் கடிதம் எழுதினால் பதில் போடுவேன். ஆனால் உறையின் பின்புறம் அனுப்புநர் பெயரோ முகவரியோ எழுதமாட்டேன். எது யார் கையில் போய்ச் சேரும் என்று யார் கண்டது?

மாத்தளைக்கு 142 கிலோமீற்றர். குளிரூட்டிய பஸ்ஸில் 950 ரூபாய். மிச்சம் ஐம்பதைக் கண்டக்டர் கண்டிவரை தரவில்லை, நானும் கண்டிவரை அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நான் எதற்குப் புறப்பட்டேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். "உங்கள் மலைநாட்டுக் கதைகளுக்குக் கற்பனை எங்கிருந்து ஊறுகிறது?" என்று பேட்டிகளில் கேட்பார்கள். "மலையையும் மூடுபனியையும் பார்த்தால் போதும், தானாக வரும்" என்று நான் சொல்வேன். பச்சைப் பொய். மலையை நான் ரயில் ஜன்னலில் இரண்டு முறை பார்த்ததோடு சரி. கற்பனை ஊறியது தர்ஷினி என்ற பெண்ணின் கடிதங்களிலிருந்து. இரத்தோட்டையில் ஒரு கொமியூனிகேஷன் கடையில், அதாவது போட்டோக்கொப்பி எடுத்து, போனுக்கு ரீலோட் போட்டுக் கொடுக்கும் கடையில், அவளுக்கு வேலை. இரண்டு வருடமாக என் அத்தியாயங்களைத் திருத்தித் தந்தாள். தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒரு பையன் ஒரு பெண்ணிடம் என்ன பேசுவான், என்ன பேசவே மாட்டான், லயத்து வரிசை வீடுகளில் ஒருத்தி அழுதால் எத்தனை வீட்டுக்குக் கேட்கும், எல்லாம் அவள் எழுதியது. மூன்று நாவல்கள் அப்படி வந்தன.

ஐந்து மாதமாக அவளிடமிருந்து ஒரு வரி இல்லை. தொடர்கதை பதினான்காம் அத்தியாயத்தில் நிற்கிறது. வேறு எழுத்தாளர் யாராவது அவளைப் பிடித்துவிட்டாரா, அல்லது 'இந்த அம்மாவின் கதையெல்லாம் என்னுடையது' என்று எங்காவது எழுதப்போகிறாளா? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு ஐந்து மாதமாகத் தூங்கவில்லை.

10.25, மாத்தளை. இரத்தோட்டை பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. பச்சைச் சேலை கட்டிய ஒரு பெண்மணி, ஐம்பத்தைந்து வயதிருக்கும், வேறு சீட் காலியாக இருந்தும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எனக்கு அப்போதே பிடிக்கவில்லை.

"ரத்தோட்டைக்கா போறீங்க?"

"ஆமாம்."

"யாரு வீட்டுக்குங்க?"

"வீட்டுக்கு இல்லை. மிளகு வாங்க."

"கொழும்புல மிளகு இல்லீங்களா?"

நான் கொழும்பு என்று சொல்லவே இல்லை. கைப்பையை இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, "நீங்கள்?" என்றேன்.

"ஏலக்கா வாங்கத்தான். இங்க நல்ல ஏலக்கா கெடைக்கும்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் வழியே பார்த்தார். மாத்தளையில் ஏலக்காய் விற்காத கடை எது? பொய் சொல்கிறவர்களைக் கண்டுபிடிப்பதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு, நானும் அதே ஜாதி என்பதால். பன்னிரண்டு கிலோமீற்றரும் அவர் ஜன்னலையும் நான் அவர் பையையும் பார்த்துக்கொண்டே போனோம்.

11.10, இரத்தோட்டை. மழை விட்டிருந்தது. கொமியூனிகேஷனில் தர்ஷினி இல்லை, இரண்டு மணிக்குத்தான் வருவாள் என்றார்கள். நல்லதாகப் போயிற்று, நேரில் பார்க்குமுன் அக்கம்பக்கத்தில் விசாரித்துக்கொள்ளலாம் என்று எதிரே இருந்த சாப்பாட்டுக் கடைக்குள் போனேன். பிளேன்டீ 50, உளுந்து வடை 70.

"அந்தக் கடையில் வேலை செய்கிற தர்ஷினி எப்படிப்பட்ட பிள்ளை?" என்று முதலாளியிடம் கேட்டேன். "வெளியூர் ஆட்கள் யாராவது தேடி வருவார்களா? கடிதம் ஏதும் வருமா?"

மேசை துடைத்துக்கொண்டிருந்த துணி நின்றது.

"கடுதாசியா? சேச்சே, அப்படி ஒன்னும் இல்லீங்க. தங்கமான புள்ள. குனிஞ்ச தல நிமிராது. சமையலெல்லாம் நல்லா செய்யும்."

சமையலைப் பற்றி நான் கேட்கவில்லை. வடைக்கும் அவர் காசு வாங்க மறுத்துவிட்டார். இது என் சந்தேகத்தை இரட்டிப்பாக்கியது. வெளியே வந்தபோது பச்சைச் சேலை எதிர்வரிசை மருந்துக் கடையில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

11.45. அவரிடமிருந்து தப்பவும் வேண்டும், இரண்டு மணிவரை பொழுதும் போக வேண்டும். ரிவர்ஸ்டன் மலைக்குப் போய்வர 4,000 ரூபாய் கேட்ட ஓட்டோக்காரரிடம் 3,500க்குப் பேசி ஏறினேன். பெயர் நவ்பர், அறுபதை நெருங்கும் வயது. தேயிலைச் சரிவுகள் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் காற்று ஓட்டோவை ஒரு பக்கம் தள்ளியது. அடுத்த அத்தியாயத்தில் என் கதாநாயகி மலர்விழி இங்கேதான் காதலன் பிரபுவிடம் மனதைத் திறக்கிறாள், ஒரு பக்கத்துக்கு வசனம் பேசுகிறாள். நான் இறங்கி நின்று ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. தர்ஷினி ஒரு கடிதத்தில், 'அங்க நின்னு யாரும் பேச முடியாது அக்கா, காத்து கொண்டுபோயிரும்' என்று எழுதியிருந்தாள். அழகுக்காக நான்தான் அதை விட்டுவிட்டேன்.

திரும்பும்போது நவ்பரிடமும் தர்ஷினியைப் பற்றிக் கேட்டேன்.

"எங்கட புள்ள மாதிரி மிஸ். அதுட வாப்பா ஏலாமப் படுத்த நேரமெல்லாம் அந்தப் புள்ளதான் வீட்டப் பாத்தது. ஆக்கள் கடிதம் அது இதுன்னு ஆயிரம் சொல்லும், நீங்க காதுல போட்டுக்க வாணாம்." கொஞ்ச தூரம் போனதும் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "மாப்பிள்ள என்ன தொழில்?" என்றார்.

"எந்த மாப்பிள்ளை?"

அவர் மெல்லச் சிரித்தார். "சரி, சொல்ல வாணாம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சம்பந்தம் பேசுமுன் மாப்பிள்ளை வீட்டார் நம்பிக்கையான ஒரு பெண்மணியை வேறு ஏதோ சாக்கில் பெண்ணின் ஊருக்கு அனுப்பி, டீக்கடை, ஓட்டோ, கோயில் வாசல் என்று நைசாக விசாரிப்பது நம்மவர்கள் வழக்கம். என் நாவல்களில் இந்தக் காட்சியை ஆறு முறை எழுதியிருக்கிறேன். நானே அதற்குள் நடந்துகொண்டிருப்பது தெரியாமல் அரை நாள் போயிருக்கிறது.

2.15, கொமியூனிகேஷன். தர்ஷினிக்கு இருபத்தெட்டு வயது, மெலிந்த முகம். என்னைக் கண்டதும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். அவளிடமும் செய்தி போயிருக்கிறது. கடையில் வேறு யாரும் இல்லை.

"ஏன் கடிதம் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்?" என்றேன்.

அவள் முகத்தில் இரத்தமே இல்லை. "யாரு சொன்னாங்க உங்ககிட்ட?"

என் புனைபெயரைச் சொன்னேன். அவள் நம்பவில்லை. பில் புத்தகத்தையும் பேனையையும் என் பக்கம் தள்ளி, "எழுதுங்க" என்றாள். மலர்விழியின் வசனம் ஒன்றை எழுதினேன். கையெழுத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு கதவு வரை போய்த் தெருவைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"மாசாமாசம் தடிச்ச கவர் வரும்க்கா. பின்னால பேரே இருக்காது. போஸ்ட் ஒபிசுல ஆரம்பிச்ச பேச்சு. கொழும்புல யாரோ வச்சிருக்கான்னு சொல்லிட்டாங்க. ரெண்டு எடம் தட்டிப் போச்சு."

"கதை எழுதுகிறவர் என்று சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன். அம்மாம் பெரிய எழுத்தாளருக்கு லயத்துப் புள்ளகிட்ட என்ன வேலைன்னு கேட்டாங்க."

"கடிதங்களைக் காட்டியிருக்கலாமே."

"காட்டினேன்க்கா." அவள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "அதுல என்ன இருக்கு? 'என் உயிரே, நீ இல்லாத ராத்திரி எனக்கு விடியாது. இத ஒங்க பேச்சுல மாத்திக் குடுங்க.' மொத வரியப் படிச்சவுங்க அடுத்த வரியப் படிக்கல."

இந்தப் பெண் என்னைக் காட்டிக்கொடுப்பாள் என்று ஐந்து மாதம் பயந்தேன். பேரில்லாத உறையில் பிரபுவின் காதலையெல்லாம் வைத்து அனுப்பி அவள் வாழ்க்கையில் மண்ணைப் போட்டவள் நான். வெட்கமாக இருந்தது.

"இப்ப உக்குவளைப் பக்கம் ஒரு எடம் பேசுறாங்க. அவரோட ரெண்டு வாட்டி பேசினேன். எனக்குப் பிடிச்சிருக்கு." இதைச் சொல்லும்போது அவள் தலை குனியவில்லை. "விசாரிக்க இன்னிக்கி நாளைக்கி வருவாங்க. வந்தது நீங்கதான்னு நெனச்சேன்."

மூன்றாவது தடவையாகப் பச்சைச் சேலை கடை வாசலைக் கடந்து போனதை அப்போது பார்த்தேன்.

3.40, மாத்தளை பஸ். இம்முறை நானே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் என் பையைப் பார்த்தார், நான் அவர் பையைப் பார்த்தேன்.

"மிளகு வாங்கலீங்களா?"

"நீங்கள் ஏலக்காய் வாங்கவில்லையே."

அவர் குரலைத் தாழ்த்தி, "நீங்களும் அந்தப் புள்ளையத்தான் பாக்குறீங்களாமே. ஒங்க மாப்பிள்ள எங்க வேல செய்யிறாரு? என் மருமவன் தண்ணி சபையில. நான் அவனுக்கு அத்த" என்றார். "ஊரே ஒரே மாதிரி நல்லவன்னு சொல்லுது. அதான் எனக்குச் சந்தேகமா இருக்கு. கடுதாசி ஒன்னு பேசிக்கிறாங்க, கேட்டா மழுப்புறாங்க."

"அந்தக் கடிதங்களை எழுதியது நான்தான்" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு வார்த்தைகூட நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. குலுங்கும் பஸ்ஸில் ஒரு தாளைக் கிழித்து என் சொந்தப் பெயர், புனைபெயர், கொட்டாஞ்சேனை முகவரி, கைப்பேசி எண் எல்லாம் எழுதிக் கொடுத்தேன். வாழ்நாளில் முன்பின் தெரியாத ஒருவருக்கு அப்படி எழுதிக் கொடுத்தது அதுவே முதல் தடவை. அவர் அங்கேயே அந்த எண்ணுக்கு அழைத்தார். என் பைக்குள் மணி அடித்தது.

"போன் சரிதான்" என்றார். "அப்ப கதையில பாதி அந்தப் புள்ள சொன்னதா?"

"பாதிக்கு மேலே."

"பொஸ்தகத்துல அவ பேரு இருக்கா?"

"இல்லை."

"அப்ப நான் எதை வச்சு நம்புறது?"

மாத்தளையில் அவர் தாளை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் இறங்கிப் போனார்.

கொழும்புக்கு வந்து சேர்ந்தபின் நான் குடியிருக்கும் கட்டடத்தைப் புதிதாகப் பார்த்தேன். நான்கு மாடி, பன்னிரண்டு வீடு. எட்டு வருடமாக இருக்கிறேன், என் கதவில் பெயர்ப்பலகை கிடையாது, பக்கத்து வீட்டுக்காரர் பெயர் எனக்குத் தெரியாது. யாரும் யாரையும் விசாரிப்பதில்லை. இதைத்தான் இவ்வளவு நாளும் நிம்மதி என்று நினைத்திருந்தேன். இரத்தோட்டையில் ஒருத்திக்கு ஒரு தபால் வந்தால் ஊருக்கே தெரியும். அந்த ஊர் அவளைக் கடித்தது, அதே ஊர்தான் வடைக்குக் காசு வாங்காமல் அவளுக்காகப் பொய்யும் சொன்னது.

பதினைந்தாம் அத்தியாயம் அச்சில் வந்தபோது தலைப்பின் கீழ், 'மலைநாட்டு வழக்கும் காட்சிகளும்: தர்ஷினி, இரத்தோட்டை' என்று ஒரு வரி இருந்தது. வசனத்தை எடுத்துவிட்டேன், மலர்விழி இப்போது ரிவர்ஸ்டனில் வாயைத் திறப்பதில்லை. இதழின் ஒரு பிரதியை உறையில் போட்டு, பின்புறம் முழுவதும் என் பெயரையும் முகவரியையும் எழுதித் தர்ஷினிக்குத் தபாலில் சேர்த்தேன். இன்னொன்றை உக்குவளை அத்தைக்கு அனுப்ப ஆசை. அவர் பெயரையோ முகவரியையோ நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒன்பது நாள் கழித்து அவரே அழைத்தார். "பொஸ்தகம் கடையில வாங்கிப் பாத்தோம், அவ பேரு இருக்கு. ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்கப் போறோம். நீங்களும் வரணும். அந்தக் கடுதாசிக் கையெழுத்த எல்லாருக்கும் முன்னுக்கு ஒருக்கா எழுதிக் காட்டிருங்க, பொறகு யாரும் பேசமாட்டாங்க."

இன்னும் முழுசாக நம்பவில்லை, பாருங்கள். எனக்கு அவரைப் பிடித்துப்போனது. என்ன எழுதிக் காட்டுவது என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன், காதல் வசனம் மட்டும் கிடையாது. ஞாயிறு விடிய 5.40 பஸ்ஸுக்குப் போகிறேன். பக்கத்தில் யார் உட்கார்ந்து எங்கே பயணம் என்று கேட்டாலும், பெண் பார்க்கப் போகிறேன் என்று உள்ளதைச் சொல்லிவிடுவேன்.