எட்டு பத்துக்கு வந்த குரல்

யாரோ சொல்லிக் கேட்டு இதை எழுதவில்லை. எனக்கே நடந்தது. உடைந்த முன்பல்லைக் காட்டச் சொன்னால் இப்போதே காட்டுகிறேன்.

நான் லோரன் பெல்கி. விஸ்கான்சினில் வீடுகளுக்குக் கூரை போடுகிறவன், வயது நாற்பத்தேழு. இரண்டு வருடத்துக்கு முன் இதயத்தில் அடைப்பை எடுத்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலருகே அழுத மகள் சிக்ரிட்டிடம், "ஒரு மாரத்தான் ஓடிக் காட்டுறேன் பாரு" என்று வாய் விட்டுவிட்டேன். எனக்கும் அவளுக்கும் வேறு யாரும் கிடையாது. அதை முடிக்கும்வரை அவள் என்னை நாளைக்குச் சாகப்போகிறவனாகத்தான் பார்ப்பாள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

அக்டோபர் 5 போட்டி. கடைசி மூன்று வாரம் தூரத்தைக் குறைத்துக்கொண்டே வருவோம், கால் ஆற வேண்டுமே. முதல் ஞாயிறு இருபது மைல், அடுத்தது பன்னிரண்டு, அதற்கடுத்தது எட்டு. பாதை ஒன்றுதான். தண்டவாளம் எடுத்துவிட்ட ஆற்றோரப் பாதை. எவ்வளவு தூரமானாலும் எட்டரைக்கு வீடு சேருகிற மாதிரிக் கிளம்புவேன். கடைசி இரண்டு மைல் இருக்கும்போது பழைய ரயில் பாலம் வரும்.

செப்டம்பர் 14. பதினெட்டு மைல் முடிந்திருந்தது. கைக்கடிகாரத்தில் காலை 8:10. நல்ல வெயில். பின்னால் காலடிச் சத்தம்... சரக், சரக், சரக். பிறகு ஒரு ஆண் குரல்.

"லெஃப்ட்!"

அப்படிக் குரல் கொடுத்தால் உன் இடப்பக்கமாகத் தாண்டுகிறேன், நீ வலப்பக்கம் ஒதுங்கு என்று அர்த்தம். பதினெட்டு மைல் ஓடியவனுக்கு மூளை எங்கே வேலை செய்கிறது? நான் இடப்பக்கமே போனேன். முதுகில் இடி விழுந்தது. முழங்கை கிழிந்து சரளையில் உருண்டேன். எழுந்து பார்த்தால் பாலத்தில் ஈ காக்கை இல்லை.

எங்கள் ஓட்டக் குழுவின் கிழவர் கஸ் ட்வெய்ட் சிரித்தார். "எவனோ சைக்கிள்காரன் இடிச்சிட்டு ஓடியிருப்பான். லெஃப்ட்னா ரைட்ல ஒதுங்கணும்டா கழுதை. நேத்து ஷூ வாங்கினவன் பண்ற தப்பு இது."

செப்டம்பர் 21. பாலம். அதே 8:10.

"லெஃப்ட்!"

ஒழுங்காக வலப்பக்கம் ஒதுங்கினேன். முழங்கை ஒன்று என் வாயில் இறங்கியது. பல் தெறித்தது. விழுந்த என் விலாவில் உதை. ஒன்று... இரண்டு... ஐந்து. உதைக்கும் காலைக் காணோம். பக்கத்தில் சரளை மட்டும் அழுந்தி அழுந்தி எழுந்தது. மூச்சு வாங்குவது கேட்டது. ஓடுகிறவர்கள் காலில் தேய்க்கும் தைல வாசனை அடித்தது.

"போதும்பா, விட்டுடு" என்றாள் சிக்ரிட். "சத்தியமா நான் ஒண்ணும் நினைக்கமாட்டேன்."

அவள் சொன்னதுதான் எனக்கு ரோஷத்தைக் கிளப்பியது.

செப்டம்பர் 28. வாசல் சாவியை விரலிடுக்கில் நீட்டிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். பயந்து செத்தேன் என்பதே உண்மை.

8:09. சரக்... சரக்...

8:10.

"லெஃப்ட்!"

காதோரம்.

ஒதுங்கவில்லை. திரும்பினேன். குத்தினேன்.

இறங்கியது.

சதை.

சூடாக என் முகத்தில் தெறித்தது. கொர்... கொர்... என்று ஒரு சத்தம். பிறகு அதுவும் இல்லை.

பாலத்தில் யாரும் இல்லை. என் கை மணிக்கட்டு வரை சிவப்பு. சாவி பாதியில் முறிந்திருந்தது. மற்றப் பாதியைத் தேடினேன். கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினேன்.

"சாவி எங்கப்பா?"

"உடைஞ்சுபோச்சு."

அவள் என் கையைப் பார்த்தாள்.

மாரத்தானை நான்கு மணி நாற்பத்தொரு நிமிடத்தில் முடித்தேன். சிக்ரிட் கட்டிக்கொண்டு அழுதாள். மறுநாள் குழுவோடு காலைச் சாப்பாடு, சிக்ரிட்டும் வந்திருந்தாள். மூன்று ஞாயிறும் அதே 8:10-க்கு வந்த பாலத்துக் குரலை வாய் திறந்து கஸ்ஸிடம் சொன்னேன். இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

"டெரெக் ஹால்வர்னு ஒருத்தன் நம்மகூட ஓடினான். நல்ல பையன். லெஃப்ட்னு குரல் குடுக்காம யாரையும் தாண்டமாட்டான். பதினோரு வருஷம் முன்னாடி, இதே செப்டம்பர் இருபத்தெட்டு, அந்தப் பாலத்துல செத்துக் கிடந்தான். அவன் கைக்கடிகாரத்துல ஓட்டக் கணக்கு காலை 8:10-ல நின்னிருந்துச்சு."

"எப்படிச் செத்தான்?" என்று கேட்டது சிக்ரிட்.

"கழுத்துல குத்து. பாதிச் சாவி உள்ளயே முறிஞ்சு கிடந்துச்சு. எந்தப் பூட்டோடதுன்னு போலீஸ் இன்னும் தேடிட்டிருக்கு."

பதினோரு வருடத்துக்கு முன் நான் இந்த மாநிலத்திலேயே இல்லை. எங்கள் வாசல் பூட்டை வாங்கியது போன நவம்பரில். அன்று ரசீதை எடுத்து சிக்ரிட்டிடம் காட்டினேன். அவள் படித்தாள், தலையாட்டினாள்.

அன்று முதல் அவள் தன் அறையை உள்ளே தாழிட்டுக்கொண்டுதான் தூங்குகிறாள்.