ஞாயிற்றுக்கிழமை ஓட வேண்டிய எஸ்தர் அக்கா

எஸ்தர் அக்கா இறந்துவிட்டார். இன்று காலை.

டைப் பண்ணிவிட்டு அழித்தேன். மறுபடி டைப் பண்ணினேன். கண்ணால் பார்த்துவிட்டு வந்தும் நம்ப முடியவில்லை...

ஞாயிற்றுக்கிழமை போட்டி. அதற்குள் இப்படியா?

எங்கள் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு ரூமில் இருந்த சிஸ்டர். காஞ்சிபுரத்தில் கை காலை உடைத்துக்கொண்டவர்களில் பாதிப் பேருக்கு அவர்தான் கட்டுப் போட்டிருப்பார். நான் பக்கத்து எக்ஸ்ரே ரூம். நான் படம் எடுத்து அனுப்புவேன், அவர் கட்டுப் போட்டு அனுப்புவார். அவர் ரிட்டையர் ஆகும்வரை அப்படித்தான் ஓடியது.

மற்றவர்களுக்கு அவர் விடிகாலையில் சுடிதாரும் ஷூவுமாக ஓடுகிற அம்மா. ஸ்கூலில் ஆரம்பித்த ஓட்டம்... கல்யாணம், இரண்டு பிரசவம், நைட் ட்யூட்டி, எதுவும் நிறுத்தவில்லை.

"இந்த வயசுல இன்னாத்துக்கு இந்த ஓட்டம்?" என்று கேட்காத ஆள் இல்லை. நானும் கேட்டிருக்கிறேன். எதிர்க் கடையில் பால் வாங்கவே ஸ்கூட்டியை எடுக்கிறவள் நான். எனக்கு எங்கே புரியப்போகிறது?

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். சாவு வீட்டில் ஒருத்தர் மாற்றி ஒருத்தர், "ஓடி ஓடியே போய்ச் சேந்துட்டாங்க" என்கிறார்கள். எரிச்சலாக வருகிறது. அக்கா இன்று ஓடவே இல்லை. போட்டிக்கு முன்னால் காலுக்கு ரெஸ்ட் கொடுக்கிறேன் என்று வீட்டில்தான் இருந்தார். பால் காய்ச்ச அடுப்பைப் பற்றவைத்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். மகள் வந்து பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அக்காவுக்கு முட்டியில் அடிபட்ட கதை பலருக்குத் தெரியாது.

பிள்ளையார்பாளையத்தில் காலையில் தெருவிலேயே பாவு நீட்டியிருப்பார்கள். புடவைக்கான பட்டு நூல் அத்தனையும் தெரு நீளத்துக்கு, இடுப்பு உயரத்தில் இழுத்துக் கட்டியிருக்கும். ஆட்களெல்லாம் ஓரமாக ஒதுங்கித்தான் போக வேண்டும். அக்கா அந்த ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது எதிரில் ஒரு பைக் வந்தது. ஒரு பக்கம் பாவு, இன்னொரு பக்கம் சாக்கடை.

அக்கா சாக்கடைப் பக்கம் விழுந்தார்.

தூக்கிவிட்ட நெசவாளி ஒருவர், "பாவு மேலயே சாஞ்சிருக்கலாமேம்மா... நூலு அறுந்தா முடி போட்டுக்குவோம்" என்று தலையில் அடித்துக்கொண்டாராம். அதற்கு அக்கா, "அத்தினி நூலையும் யாருப்பா ஒக்காந்து முடி போடறது? முட்டின்னா ஒண்ணு தானே" என்றாராம். இதை என்னிடம் எக்ஸ்ரே டேபிளில் படுத்துக்கொண்டு சொன்னார். வலியில் முகம் வெளுத்திருந்தது. அப்போதும் சிரிப்பு.

எலும்பு தப்பித்தது. ஜவ்வு கிழிந்துவிட்டது.

டாக்டர், "இனிமே ஓட்டத்தையெல்லாம் மறந்துடுங்க சிஸ்டர்" என்றார். "மறந்துடறேன் சார்... எப்பலேர்ந்து?" என்று கேட்டார் அக்கா. டாக்டருக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை.

சில மாதம் கழித்து முட்டிக்கு பெல்ட் போட்டுக்கொண்டு அதே தெருவில் திரும்ப ஓடினார். பாதி நடை, பாதி ஓட்டம். அதன்பிறகு பாவு நீட்டுகிறவர்கள் தூரத்தில் அவரைப் பார்த்ததுமே, "யேய், அக்கா வருது, வண்டிய நிறுத்துபா!" என்று கத்துவார்கள். ஊர்வலம் வருகிற மாதிரி எல்லாரும் நிற்பார்கள். அக்காவுக்கு வெட்கம் தாங்காது.

இனி அந்தப் போட்டி...

தாமல் ஏரிக்கரையில் பசங்க சேர்ந்து வருஷா வருஷம் ஒரு ஓட்டப்பந்தயம் வைப்பார்கள். அறுபது வயதுக்கு மேற்பட்ட பெண்கள் என்று ஒரு பிரிவு. அதில் ஒரே ஆள்தான், எஸ்தர் அக்கா. அவர்தான் ஃபர்ஸ்ட், அவரேதான் லாஸ்ட்.

நாங்கள் கை தட்டுவோம். அவருக்கு அது பிடிக்கவே பிடிக்காது. "மெடல் வாங்கவே அசிங்கமா இருக்குதுப்பா. யாரையும் தோக்கடிக்காம இன்னா ஃபர்ஸ்ட்டு?" என்பார். எங்கள் வயதுக்காரிகள் எல்லாரையும் கெஞ்சிப் பார்த்தார். ஒருத்தியும் வரவில்லை.

போன வாரம் போன். எடுத்ததும் ஒரே கத்தல். "ஏய், ஆள் வந்துடுச்சுடீ!"

கூரம் கிராமத்திலிருந்து யாரோ ஒரு அம்மா அந்தப் பிரிவில் பேர் கொடுத்திருக்கிறாராம். விவசாயக் குடும்பமாம். அக்காவுக்குக் கால் தரையில் இல்லை. திடீரென்று குரல் இறங்கியது.

"ஏன்டீ... தோத்துட்டா?"

"தோத்தா தோத்துட்டுப் போங்க. இப்ப இன்னா?"

"அய்யோ, அது இல்லடீ. தோப்பமா ஜெயிப்பமான்னு தெரியாம ஓடி எவ்ளோ வருசம் ஆச்சு!"

அதுதான் கடைசியாகப் பேசியது.

இன்று மதியம் சாவு வீட்டு வாசலில் ஒரு அம்மா மாலையோடு தயங்கி நின்றார். ஒல்லியான உடம்பு, நீளமான கால். ஷேர் ஆட்டோவில் வந்திருக்கிறார். யாரென்று நான்தான் கேட்டேன்.

"கூரத்துலேர்ந்து வரேன்மா. ஏரிக்கர பசங்க போன் பண்ணி சொன்னாங்க" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"போன வருசம் பேத்தி ஓடறதப் பாக்க வந்தேன். இவங்க முட்டிய இழுத்துக்கினு தனியா ஓடியாந்தாங்க. இவங்கள நம்மளால முந்த முடியும்னு தோணுச்சும்மா. அதுலேர்ந்து தெனமும் வரப்புல ஓடிக்கினு இருக்கறேன்..."

உள்ளே போய் மாலையைப் போட்டார். ரொம்ப நேரம் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தை அவர் பக்கத்தில் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஞாயித்துக்கெழம நான் மட்டும் தனியா ஓடணுமாம்மா?"

இரண்டு பேரும் அழுதோம்.

நாளை காலை பத்து மணிக்கு அடக்கம்.

போய் வாருங்கள் அக்கா... அந்தம்மா நன்றாகவே ஓடுவார் போலிருக்கிறது.