ஒன்றுக்கு நான்கு

2023 ஒக்டோபர் 17, செவ்வாய்க்கிழமை. ஐந்தரைக்கு எழுந்து கேத்தலை அடுப்பில் வைத்தேன். அண்ணனின் விரலைக் குத்திச் சீனி பார்த்து, நாட்காட்டியின் ஓரத்தில் எழுதினேன். பிலிமத்தலாவையில் என் வீட்டு விறாந்தை கிழக்குப் பார்த்தது. மழை இல்லாத நாளில் ஆறரைக்கு அங்கே நல்ல வெளிச்சம் விழும். கதிரையைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, எதிரே முக்காலியை வைத்தேன். அண்ணன் உட்கார்ந்து வலது பாதத்தை முக்காலியின் மேல் தூக்கி வைத்தார். பழைய கட்டை அவிழ்த்து, சேலைன் உப்புநீரால் துடைத்தேன். புதுக் கட்டுப் போடுவதற்கு முன்னால் கமராவை எடுத்தேன்.

செவ்வாயும் வெள்ளியும் பாதத்தைப் படம் எடுப்பது வழக்கம். பெருவிரலுக்குக் கீழே, நடக்கும்போது பாரம் விழும் இடத்தில், ஆனி மாதத்தில் வந்த புண் அது. அண்ணன் நாவலப்பிட்டி - கண்டி பஸ்ஸில் முப்பது வருடத்துக்குக் கிட்ட கொண்டக்டராக நின்றே வேலை செய்தவர். சீனி வருத்தம் பாதத்தின் உணர்ச்சியைக் கொண்டுபோய்விட்டதால், செருப்பில் ஏறியிருந்த ஆணியை அவர் இரண்டு நாள் மிதித்துக்கொண்டு திரிந்திருக்கிறார். கண்டிப் பெரியாஸ்பத்திரிக் கிளினிக்குக்கு வந்துபோக வசதியாக இருக்கும் என்று என்னோடு வந்து தங்கினார். அண்ணி இறந்துவிட்டார். மகள் நாவலப்பிட்டி வீட்டில் இருக்கிறாள். நான் எப்போதும் தனி ஆள்தான்.

என்னிடம் இருப்பது ஒரே ஒரு லென்ஸ். கண்டியில் நான் கணக்கு எழுதிய இரத்தினக்கல் கடையில், கற்களைப் படம் எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்ப முதலாளி வாங்கி வைத்திருந்த மக்ரோ லென்ஸ் அது. கடை டிஜிட்டலுக்கு மாறியபோது, பழைய பிலிம் கமராவையும் அதோடு மாட்டியிருந்த லென்ஸையும் "கொண்டு போங்க, இங்க பூஞ்சணந்தான் பிடிக்கும்" என்று என்னிடம் கொடுத்துவிட்டார். வேறு லென்ஸ் வாங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. தெருவுக்கு அந்தப் பக்கம் நிற்கும் மரக்கறி லொறியையும் என் சட்டைப் பொத்தானையும் அதே லென்ஸால், எதையும் கழற்றாமல் மாட்டாமல் எடுக்கலாம். குறை இரண்டு. சாதாரண லென்ஸ் அளவுக்கு வெளிச்சத்தை உள்ளே விடாது, அதனால் பின்னேரம் ஐந்தரைக்குப் பிறகு அதை நம்ப முடியாது. இரண்டாவது, கிட்டத்திலிருந்து தூரத்துக்கு வர அதன் வளையத்தை அரைச் சுற்றுக்கு மேல் திருப்ப வேண்டும். ஒரு பிடியில் முடியாது, கையை விட்டு மறுபடி பிடிக்க வேண்டும். அண்ணனின் பாதத்திலிருந்து முகத்துக்கு நான் வந்து சேர்வதற்குள் அவர் தலையைத் தடவி, கழுத்துப் பட்டியைச் சரிசெய்து, ஒரு சிரிப்பைத் தயாராக வைத்திருப்பார். என்னிடம் உள்ள அவருடைய முகங்கள் எல்லாம் அந்தத் தயார்ச் சிரிப்போடுதான் இருக்கின்றன.

பாதத்துக்கு நான் கண்டுபிடித்த முறை இது. லென்ஸின் குழாயில், பொருளுக்கும் பிலிமில் விழும் உருவத்துக்கும் உள்ள விகிதத்தைப் பொறித்திருப்பார்கள். வளையத்தை 'ஒன்றுக்கு நான்கு' என்ற கோட்டில் நிறுத்திவிடுவேன். பிறகு அதைத் தொடக் கூடாது. உடம்பைத்தான் முன்னும் பின்னும் ஆட்டி, புண்ணின் விளிம்பு தெளியும் இடத்தில் மூச்சைப் பிடித்து அழுத்த வேண்டும். அப்படி எடுத்தால் ஒவ்வொரு தடவையும் புண் ஒரே அளவுத்திட்டத்தில் விழும். நெகட்டிவில் ஒரு மில்லிமீற்றர் என்றால் பாதத்தில் நான்கு.

நான் ஆடுவதைப் பார்த்தால் அண்ணனுக்குப் பழைய தொழில் வந்துவிடும். போன வெள்ளிக்கிழமையும் அப்படித்தான்.

"முன்னுக்குப் போங்க, முன்னுக்குப் போங்க! நடுவுல எடம் இருக்கு! அந்தக் கண்ணாடி போட்ட ஐயா, கொஞ்சம் பின்னுக்கு!"

"ஆடாதீங்க அண்ணே."

"நான் எங்கடா ஆடுறேன், நீதான் பேய் புடிச்ச மாதிரி ஆடுற. இந்த ரோல்ல என் மூஞ்சி எத்தனை?"

"மூணு."

"காலு?"

"பத்து."

"அப்ப இனி காலுகிட்டயே பேசு."

போனில் எடுக்கலாமே என்று அவர் மகள் கேட்டாள். எடுத்தும் பார்த்தேன். ஒரு நாள் புண் திரை முழுவதையும் நிறைத்தது, மறுநாள் காசு அளவில் இருந்தது. வளர்கிறதா சுருங்குகிறதா என்று அதில் எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிய வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

கறுப்பு வெள்ளைச் சுருளை நானே குளியலறையில் கழுவுவேன். போன ஞாயிறு கழுவிய சுருள் காய்ந்ததும், கடையிலிருந்து வந்த கல் பார்க்கும் கண்ணாடியையும் உருக்கு அடிமட்டத்தையும் வைத்து அளந்தேன். மரக்கறி லொறி, தேநீர்க் குவளை, பேராதனைப் பாலத்தில் நெரிசலில் நின்ற பஸ்ஸின் ஈரக் கண்ணாடி, இவற்றுக்கு நடுவே நடுவே பாதம். முதல் சுருளில் ஏழு மில்லிமீற்றர் இருந்த புண் இதில் நாலரை. அதாவது இருபத்தெட்டு பதினெட்டாகியிருந்தது. மறுபடியும் அளந்தேன். பதினெட்டுதான்.

அண்ணனிடம் சொன்னேன். அவர் உடனே மகளுக்குப் போன் எடுத்தார். "தீபாவளிக்கு வந்துருவேன். பஸ்லயே வாரேன், வேன் கீன் ஒண்ணும் புடிக்காத. உன் சித்தப்பன் அளந்து பாத்துட்டான், அவன் கணக்கு பிழைக்காது" என்றார்.

17ஆம் தேதி, அந்தச் செவ்வாய்க்கிழமை, கிளினிக்கில் பதினொன்றரைக்குத்தான் எங்களைக் கூப்பிட்டார்கள். டொக்டர் யாழ்ப்பாணப் பக்கத்துப் பெண், முப்பது வயதுக்குள் இருக்கும். போன கிழமை எடுத்த எக்ஸ்ரே அவரிடம் வந்திருந்தது. அதை அவர் திறப்பதற்கு முன்னால் நான் நெகட்டிவ் உறையை நீட்டி, தேதி வரிசையையும் அளவையும் சொன்னேன். அவர் அவசரப்படவில்லை. யன்னல் பக்கம் பிடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"நல்ல வடிவா எடுத்திருக்கிறீங்கள். ஓம், சுருங்கித்தான் இருக்கு" என்றார்.

அண்ணன் என் தொடையில் தட்டினார்.

டொக்டர் எக்ஸ்ரேயை எடுத்து அதே யன்னலில் என் உறைக்குப் பக்கத்தில் பிடித்தார். "ஐயா, இஞ்ச பாருங்கோ. மேல் தோல் மூடிக்கொண்டு வருது. சீழ் வெளியில வர வழியில்லாமல் உள்ளுக்கை நிண்டிட்டுது. இந்த எலும்பின்ர விளிம்பு அரிச்ச மாதிரி இருக்கெல்லோ? மற்ற எலும்புகளிலயும் தொடங்கீட்டுது. போன முறை பார்த்ததில இரத்த ஓட்டமும் காணாது, நல்லாக் குறைஞ்சு போச்சு."

"மருந்துக்கு மாறாதா பிள்ளை?" என்று அண்ணன் கேட்டார்.

"ரெண்டு மாசமாக் குடுத்துப் பாத்திட்டம் ஐயா. இனி வைச்சிருந்தால் மேல ஏறும். முழங்காலுக்குக் கீழ வெட்டவேணும். இண்டைக்குக் கட்டில் இல்லை, நாளைக்குப் பத்து மணிக்கு வந்து வார்ட்டில நில்லுங்கோ."

அண்ணன் யன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "தம்பி, இவங்ககிட்ட உன்னோடதவிட நல்ல லென்ஸ் இருக்குடா" என்றார். டொக்டர் சிரிக்கவில்லை. நான் உறையை வாங்கிப் பைக்குள் வைத்தேன். என் அளவில் பிழை இருக்கவில்லை. புண் பதினெட்டு மில்லிமீற்றர்தான் இருந்தது.

பஸ்ஸில் எவரோ எழுந்து அண்ணனுக்கு இடம் கொடுத்தார். அவர் வழக்கமாக மறுப்பார், அன்று உட்கார்ந்தார். கன்னொருவைக்கு முன்பே மழை தொடங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து சேர மூன்று மணியானது. மகளிடம் நான்தான் பேசினேன்.

ஐந்தரை மணிக்கு, மழை விடாமல் பெய்துகொண்டிருக்கும்போது, அண்ணன் விறாந்தைக்கு வந்து சுவரில் சாய்ந்து நின்றார்.

"என்னை முழுசா ஒண்ணு எடுடா. ரெண்டு காலும் தெரியணும்."

கமராவைக் கொண்டுவந்து பார்த்தேன். வெளிச்சமானியின் முள் அடியிலேயே கிடந்தது. கமராவின் பார்வைக் கண்ணாடிக்குள் அவர் சுவரோடு சுவராக மங்கிப்போயிருந்தார்.

"வெளிச்சம் போதாது அண்ணே."

"அந்தக் கல்லுக் கடைக்காரன் நல்ல லென்ஸாக் குடுத்தான் உனக்கு. சரி, நாளைக்கு?"

"நாளைக்குக் காலம்பற முதல் வேலை அதுதான்."

"பத்து மணிக்குப் போகணும், மறந்துறாத" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அவருடைய சாரங்களையும் துவாயையும் மருந்துகளையும் ஒரு பையில் அடுக்கினேன். செருப்புச் சோடியை வைப்பதா என்று யோசித்தேன். வைத்தேன்.

18ஆம் தேதி, புதன்கிழமை, மழை இல்லை. நான் எழும்போதே அவர் முகம் வழித்து வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். சீனி பார்ப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்றார். ஆறரைக்கு விறாந்தைச் சுவரில் சாய்ந்து, ஒரு கையால் கதிரையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சாரத்தை முழங்கால்வரை தூக்கிப் பிடித்தபடி நின்றார். வலது பாதத்தில் கட்டு இருந்தது, இடது வெறும் பாதம். முழு ஆளும் உள்ளே வர வேண்டுமென்றால் நான் படியிறங்கித் தள்ளி நிற்க வேண்டும். வளையத்தைத் தூரத்துக்குத் திருப்பியபடியே நான்கு படி இறங்கித் திரும்பினேன். அங்கே விறாந்தைத் தரை என் இடுப்பு மட்டத்தில் இருந்தது. குனிந்து கமராவைக் கண்ணில் வைத்ததும் முதலில் தெரிந்தது பாதங்கள்தான். இடது பாதத்தில், சின்ன விரலின் ஓரத்தில், மிளகளவில் ஏதோ ஈரமாக மின்னியது.

மேலே ஏறி வந்தேன்.

"ஏன்டா, பின்னுக்கு எடமில்லையா?"

"உட்காருங்க அண்ணே."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். அது வளையத்தைத் திருப்பிக்கொண்டிருந்தது. சாரத்தை விட்டுவிட்டு உட்கார்ந்தார். நான் முக்காலியை நகர்த்தினேன். இடது பாதத்தை அதன் மேல் வைத்தார். ஈரத் துணியால் அந்த இடத்தைத் துடைத்தேன். போகவில்லை. நோகுதா என்று கேட்டேன். இல்லை என்றார்.

புதன்கிழமை பாதத்துக்குரிய நாள் அல்ல. வளையத்தை ஒன்றுக்கு நான்கில் நிறுத்தி, முன்னும் பின்னும் ஆடி, விளிம்பு தெளிந்த இடத்தில் அழுத்தினேன். அண்ணன் முழங்காலை இரண்டு கையாலும் பிடித்து, பாதத்தை ஆடாமல் வைத்திருந்தார். அன்று காலையில் நான் செய்த முதல் வேலை அதுதான்.